1.1990இல் வைத்த ஸ்டாப்: சுவிஸ் பிராங்க் வாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜனவரி 15ஆம் தேதியிட்ட டீல் டிக்கெட் (ஒரு டிரேடைப் பதிவு செய்யும் சீட்டு) ஒன்றின் நகலை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் மூன்று எண்கள்தான் முக்கியம். யூரோ வாங்கிய விலை 1.2012 பிராங்க். ஸ்டாப் லாஸ், அதாவது விலை இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆர்டர், 1.1990. அந்த ஸ்டாப் நிறைவேறிய விலை 0.9650. 22 பிப் (ஒரு பிப் என்றால் விலையில் 0.0001) நட்டத்தோடு வெளியே வந்திருக்க வேண்டிய டிரேடு 2,362 பிப் நட்டத்தில் முடிந்தது. இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை அன்றிலிருந்து பலமுறை அலசிவிட்டேன். டெஸ்க்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்வதுண்டு. இப்போது முழுதாக எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் சிங்கப்பூரில் ஒரு சின்ன டிரேடிங் நிறுவனத்தில் இருந்தேன். எட்டுப் பேர் உட்காரும் அறை. லண்டன், நியூயார்க்குக்கு அடுத்தபடியாக அந்நியச் செலாவணி அதிகம் கைமாறும் ஊர் சிங்கப்பூர்தான். 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் டோக்கியோவைத் தாண்டியது. எனக்கு இரண்டு வேலை. காலையில் ரூபாய் ஃபார்வர்டு, அதாவது பிற்காலத் தேதி ஒன்றுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம். ரூபாய் கைமாறாது, ஒப்பந்த விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை டாலரில் தீர்த்துக்கொள்வோம். மதியத்துக்கு மேல் ஐரோப்பா விழித்ததும் யூரோ ஜோடிகள். அந்த இரண்டாவது வேலையில்தான் அடி விழுந்தது.

தரை

2011 கோடையில் ஐரோப்பியக் கடன் நெருக்கடியால் பயந்த பணமெல்லாம் சுவிட்சர்லாந்துக்கு ஓடியது. ஆகஸ்டில் ஒரு யூரோவின் விலை ஏறக்குறைய ஒரு பிராங்குக்கே வந்துவிட்டது. கடிகாரமும் இயந்திரமும் மருந்தும் செய்து ஏற்றுமதி செய்யும் நாடு அது. தன் நாணயம் அப்படி ஏறினால் தொழிற்சாலைகள் தாங்காது. செப்டம்பர் 6ஆம் தேதி சுவிஸ் தேசிய வங்கி ஒரு எல்லை போட்டது: ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம், அதற்காக அளவில்லாமல் அந்நியச் செலாவணி வாங்கத் தயார். நாங்கள் அதைத் தரை என்று சொல்வோம்.

அந்த வாக்கை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டன் பவுண்டின் விலையைக் காக்க முடியாமல் கைவிட்டதும், 1997 ஜூலையில் தாய்லாந்து தன் நாணயமான பாத்தைக் கைவிட்டதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பாடம். அவர்கள் தங்கள் நாணயம் விழாமல் காக்கப் போராடினார்கள். அதற்குக் கையிருப்பில் அந்நிய நாணயம் வேண்டும். கையிருப்பு கரைந்தால் போர் முடிந்தது. சுவிஸ் நிலைமை இதற்குத் தலைகீழ். தன் நாணயம் ஏறாமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. அதற்கு விற்க வேண்டியது பிராங்க். அதை அவர்களே உண்டாக்கிக்கொள்ளலாம். வேண்டுமட்டும் பிராங்க் விற்று யூரோ வாங்கலாம். தீர்ந்துபோக அங்கே ஒன்றுமில்லை. ஆகவே அந்தத் தரை உடையாது என்று கணக்குப் போட்டேன். கணக்கில் ஒரு பாதி சரி. மறு பாதிக்குப் பிறகு வருகிறேன்.

2014 நவம்பரில் யூரோ-பிராங்க் 1.20ஐ நெருங்கி வந்தது. தேசிய வங்கி தன் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தங்கமாக வைக்க வேண்டும் என்ற வாக்கெடுப்பு நவம்பர் 30 அன்று நடக்க இருந்தது. நடந்தது, பெரும் வித்தியாசத்தில் தோற்றது. அந்த நாட்களில் தொடங்கியதுதான் என் பழக்கம்: 1.2010, 1.2012 அருகே யூரோ வாங்குவது, பன்னிரண்டு பதினைந்து பிப் ஏறினால் விற்றுவிடுவது. அளவு 10 லட்சம் யூரோ. ஒரு பிப்புக்கு 100 பிராங்க். ஜனவரி இரண்டாவது வாரத்துக்குள் 14 முறை செய்துவிட்டேன். 13 முறை லாபம், ஒரு முறை 150 பிராங்க் நட்டம். மொத்தம் 17,400 பிராங்க் சேர்ந்திருந்தது.

ஸ்டாப்பை 1.1990இல் வைத்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. 2012 ஏப்ரலில் ஒரு நாள் விலை 1.20க்குக் கீழே சில கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அப்படி ஒரு சிலிர்ப்பில் வெளியே தள்ளப்படக் கூடாது என்று பத்து பிப் இடம் விட்டேன். டிக்கெட்டில் "அதிகபட்ச நட்டம் 2,200 பிராங்க்" என்று நானே எழுதினேன். "அதிகபட்ச" என்ற அந்தச் சொல்லைப் பார்க்கும்போது இப்போதும் வயிற்றில் ஏதோ செய்யும்.

திங்கள் முதல் புதன் வரை

ஜனவரி 12, திங்கள். சுவிஸ் தேசிய வங்கியின் துணைத் தலைவர் ஜான்-பியர் டான்டின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், 1.20 என்ற குறைந்தபட்ச விலை தங்கள் நாணயக் கொள்கையின் தூணாகத் தொடர வேண்டும் என்று சொன்னார். செய்தி திரையில் வந்ததும் படித்தேன். நோட்டில் குறித்தேன்: "டான்டின் உறுதி. 1.2010 வாங்கலாம்."

செவ்வாய் பெரிதாக ஒன்றுமில்லை.

புதன்கிழமை உலகம் முழுக்க ஒரு நடுக்கம். செம்பு விலை சரிந்தது, கச்சா எண்ணெய் 50 டாலருக்குக் கீழே, அமெரிக்கச் சில்லறை விற்பனைக் கணக்கு மோசம். ஐரோப்பிய நீதிமன்றத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஒருவர், ஐரோப்பிய மத்திய வங்கி அரசுக் கடன் பத்திரங்கள் வாங்குவதற்குச் சட்டத்தில் பெரிய தடை இல்லை என்ற பொருளில் கருத்துச் சொன்னார். அடுத்த வாரம் 22ஆம் தேதி மத்திய வங்கி பெரிய அளவில் யூரோவை உருவாக்கிச் சந்தையில் விடப் போகிறது என்பது இதோடு ஏறக்குறைய உறுதியானது. யூரோ டாலருக்கு எதிராக ஒன்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கியது. யூரோ-பிராங்க் மட்டும் அசையவில்லை. 1.2010, 1.2011, 1.2010.

அந்த அசையாமையை நான் பலம் என்று படித்தேன். யூரோ எல்லாவற்றுக்கும் எதிராக விழும்போது ஒரே ஒரு நாணயத்துக்கு எதிராக மட்டும் விழாமல் நிற்கிறது என்றால், யாரோ கீழே நின்று அத்தனை யூரோவையும் வாங்கித் தாங்குகிறார்கள் என்று பொருள். அந்த ஆளுக்கு ஒவ்வொரு மணி நேரமும் சுமை ஏறிக்கொண்டிருந்தது. 2014 முடிவிலேயே அவர்கள் வசம் இருந்த அந்நியச் செலாவணி ஏறக்குறைய 49,500 கோடி பிராங்க். நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் முக்கால் பங்கை ஒட்டியது. டிசம்பர் 18 அன்று வங்கிகள் தங்களிடம் போடும் பணத்துக்கு மைனஸ் 0.25 சதவீத வட்டி என்று அறிவித்திருந்தார்கள். அதையும் உறுதியின் அடையாளம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சுமை தாங்காமல் இன்னொரு கையையும் கொடுத்துப் பிடிக்கிறார்கள் என்று தோன்றவே இல்லை.

புதன் இரவு 1.2012இல் பதினைந்தாவது முறையாக வாங்கினேன்.

வியாழன்

அன்று பொங்கல். சிங்கப்பூரில் விடுமுறை கிடையாது. காலையில் அம்மா ஊரிலிருந்து போன் செய்து "பால் பொங்கிச்சாப்பா?" என்று கேட்டார். வீட்டில் பொங்கல் வைத்து, சாப்பிட்டு, இரண்டு கரும்புத் துண்டை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு டெஸ்க்குக்குப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுவேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் பொங்கல் அலங்கார விளக்கைப் பார்க்கப் போகலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

காலையிலேயே ஒரு மத்திய வங்கி எங்களை உலுக்கியது. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், கொள்கைக் கூட்டத்துக்குக் காத்திராமல், இந்திய ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 8 சதவீதத்திலிருந்து 7.75 சதவீதமாகக் குறைத்தது. ரகுராம் ராஜன் கவர்னராக இருந்த காலம். ரூபாய் ஏறியது, சென்செக்ஸ் அன்று 700 புள்ளிக்கு மேல் உயர்ந்தது. ரூபாய் கணக்கில் எனக்கு மதியத்துக்குள் நாலாயிரத்துச் சொச்சம் டாலர் லாபம். அறையில் எல்லோருக்கும் நல்ல மனநிலை. இன்றைய செய்தி இதுதான், முடிந்தது என்று நினைத்தோம்.

சூரிச்சில் காலை 10.30, இந்தியாவில் மாலை 3.00, எங்களுக்கு 5.30. நான் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். கரும்புச் சக்கையை ஒரு காகிதத்தில் சுற்றியது நினைவிருக்கிறது. திரையின் மேல் பட்டையில் சிவப்பில் ஒரு வரி ஓடியது: சுவிஸ் தேசிய வங்கி குறைந்தபட்ச மாற்று விலையைக் கைவிடுகிறது, வட்டி மைனஸ் 0.75.

"குறைந்தபட்ச" என்ற சொல்லைப் படித்ததும் வட்டியைப் பற்றி ஏதோ என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது முறை படித்துப் புரிவதற்குள் என் கண் விலைக்குப் போனது. 1.2010 என்று நின்ற இடத்தில் எண்ணே இல்லை. வாங்குவோர் பக்கம் காலி. ஒரு கணம் 1.17 என்று வந்தது, பிறகு மறுபடி காலி, பிறகு 1.10, அப்புறம் 1.04. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் இருந்த விலைகள் எதுவும் வரவில்லை. படிக்கட்டில் இறங்குவது போல இல்லை. படிகளே இல்லாத கிணறு.

என் ஸ்டாப் ஆர்டர் நிலுவையில் என்றே காட்டிக்கொண்டிருந்தது. கையால் விற்கப் பார்த்தேன். பட்டனை அழுத்தினால் "விலை இல்லை" என்று திரும்பி வந்தது. ஐந்து முறையோ ஆறு முறையோ அழுத்தினேன். பக்கத்து இருக்கை நண்பர் எங்கள் டிரேடுகளை நடத்திக் கொடுக்கும் பிரைம் புரோக்கருக்குப் போன் போட்டார், எடுக்க ஆளில்லை. எங்கள் சீனியர், இருபது வருட அனுபவம், எழுந்து வந்து என் தோளில் கை வைத்துத் திரையைப் பார்த்தார். "எவ்வளவு தம்பி?" என்று மட்டும் கேட்டார். "பத்து லட்சம் யூரோ அண்ணே." அவர் பதில் சொல்லவில்லை. தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இரவு பதினொரு மணி வரை அங்கேயே இருந்தார்.

யூரோ-பிராங்க் அன்று 0.85 வரை போய்வந்தது. ஒரே காலையில் முப்பது சதவீதத்துக்கு அருகே. பிறகு மேலே வந்து, வாரக் கடைசியில் ஒரு யூரோவுக்கு ஒரு பிராங்கைச் சுற்றி நின்றது. உலகில் அதிகம் கைமாறும் நாணயங்களில் ஒன்றில் இப்படி ஒரு நகர்வை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

5.52க்கு என் ஸ்டாப் நிறைவேறியதாகத் தகவல் வந்தது. விலை 1.0270. நட்டம் 1,74,200 பிராங்க். மனைவிக்கு "வர முடியாது" என்று அனுப்பினேன். அவர் "சரி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் போட்டேன் என்று நினைவில்லை.

ஸ்டாப் என்பது என்ன

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அனுபவம் உள்ளவர்களே இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஸ்டாப் லாஸ் ஆர்டர் சொல்வது இவ்வளவுதான்: விலை 1.1990ஐத் தொட்டால், கிடைக்கிற விலைக்கு விற்றுவிடு. 1.1990க்கு விற்றுத் தருகிறேன் என்று அதில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சாதாரண நாளில் 1.1990க்கு அடுத்து 1.1989இலும் 1.1988இலும் வாங்க ஆள் நிற்பார்கள். அதனால் கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் ஒன்றிரண்டு பிப்தான் வித்தியாசம் வரும். ஆண்டுக்கணக்கில் அப்படியே நடந்ததால், அந்த ஆட்கள் எப்போதும் நிற்பார்கள் என்று மனம் பழகிவிடுகிறது.

1.20க்குக் கீழே யார் நின்றார்கள்? யாருமில்லை. மூன்று வருடம் நான்கு மாதமாக ஒருவர் மட்டும் 1.20இல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் நிற்கும்வரை 1.1980இல் வாங்க ஆர்டர் வைக்க யாருக்கும் காரணமே இல்லை, அது நிறைவேறாது. மாறாக, என்னைப் போல வாங்கி வைத்திருந்த அத்தனை பேருடைய ஸ்டாப்பும் அதே பத்து இருபது பிப் இடைவெளியில் குவிந்து கிடந்தது. அவர் விலகிய கணத்தில் விற்க ஆயிரம் பேர், வாங்க ஒருவர்கூட இல்லை. ஒரு டிரேடர் பார்க்க வேண்டிய கேள்வி அதுதான்: என் ஸ்டாப் விலையில் என்னிடமிருந்து வாங்கப்போவது யார்? என் பதினைந்து டிரேடுகளில் ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. எங்கள் ரிஸ்க் கணக்கு கடந்த நாட்களின் விலை அசைவை வைத்து நாளைய நட்டத்தைக் கணிக்கும். யூரோ-பிராங்க் அசையவே இல்லை, ஆகவே ரிஸ்க் மிகக் குறைவு என்று கணக்கு சொன்னது. ரிஸ்க் குறைவு என்பதால் பெரிய அளவுக்கு அனுமதி கிடைத்தது, புரோக்கரும் குறைந்த மார்ஜின் (ஈடாகக் கட்டும் பணம்) போதும் என்றார். இதே ரிஸ்க் அளவுக்கு யூரோ-டாலரில் எனக்கு மூன்று லட்சம் யூரோதான் வைக்க முடிந்திருக்கும். விலை எவ்வளவு நாள் அமைதியாக நிறுத்தி வைக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பொசிஷன்கள், அதாவது வாங்கியோ விற்றோ வைத்திருக்கும் அளவுகள், பெருகின்றன. உலகம் முழுக்க எல்லா டெஸ்க்கிலும் இதே கணக்கு, இதே பதில்.

வெள்ளி

வெள்ளி காலை ஏழு மணிக்கு மின்னஞ்சல் திறந்தபோது, முந்தைய நாள் 1.0270 என்று வந்த உறுதிச் சீட்டு திருத்தப்பட்டிருந்தது. புதிய விலை 0.9650. காரணம்: சந்தையில் அந்த நேரத்தில் உண்மையில் கிடைத்த விலையின் அடிப்படையில் மறுமதிப்பீடு. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்றும் போட்டிருந்தார்கள். நட்டம் 2,36,200 பிராங்க் ஆனது.

இரண்டு மணி நேரம் போனில் வாதாடினேன். உறுதி செய்த விலையை ஒரு இரவு கழித்து எப்படி மாற்றலாம் என்று கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். அவர்களுக்கும் மேலே இருந்த வங்கிகள் இதையே செய்திருக்கின்றன என்றார். அந்தப் புரோக்கர் பெயரை இங்கே எழுதவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இருந்தது என்பதும் உண்மை. எங்கள் வழக்கறிஞர் அரைமணி நேரத்தில் அதைக் காட்டிவிட்டார்.

அப்புறம் ஒரு விஷயம், அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு முதல்முறை உறைத்தது. என் நட்டம் பிராங்கில் இருந்தது. எங்கள் கணக்கு டாலரில். புதன்கிழமை விலையில் ஒரு டாலருக்கு 1.02 பிராங்க், அந்த 2,36,200 பிராங்கை அடைக்க ஏறக்குறைய 2,31,600 டாலர் போதும். வெள்ளியன்று ஒரு டாலருக்கு 0.86 பிராங்க்தான். அதே கடனை அடைக்க ஏறக்குறைய 2,74,650 டாலர் தேவைப்பட்டது. 43,000 டாலர் கூடுதல். எந்த நாணயம் ஏறினால் நமக்கு நட்டமோ அதே நாணயத்தில் அந்த நட்டத்தையும் கட்டவேண்டி வருகிறது. பதினான்கு முறை சம்பாதித்த 17,400 பிராங்கின் பதின்மூன்றரை மடங்கு ஒரே டிரேடில் போயிற்று, அதன்மேல் இதுவும்.

அன்று மாட்டுப் பொங்கல். ஊரில் அப்பா மாடுகளுக்குக் கொம்பில் வண்ணம் பூசிய படத்தை அனுப்பியிருந்தார். அவரிடம் இதைப் பற்றி நான் பேசியதே இல்லை. ஒரு ஏக்கர் நிலம் வாங்க இருபது வருடம் சேர்த்தவர் அவர்.

நாங்கள் பிழைத்தோம். நிறுவனத்தின் மூலதனம் தாங்கியது. என் அந்த ஆண்டு போனஸ் போயிற்று, என் லிமிட் கால்வாசியாகக் குறைக்கப்பட்டது, அது சரியான முடிவு. மற்றவர்கள் நிலை மோசம். அமெரிக்காவின் எஃப்எக்ஸ்சிஎம் என்ற நாணயத் தரகு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் கணக்குகள் மைனஸுக்குப் போய், அவர்கள் தரவேண்டிய பாக்கி 22.5 கோடி டாலர் ஆனது. லூகாடியா நிறுவனம் 30 கோடி டாலர் கடன் கொடுத்துக் காப்பாற்றியது. வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த அல்பாரி தரகு நிறுவனத்தின் பிரிட்டன் கிளை திவாலானது. சிறு முதலீட்டாளர்கள் கணக்கில் இருந்தது எல்லாம் போய், அதற்குமேல் கடனும் பட்டார்கள். சுவிஸ் பங்குச் சந்தை வியாழனன்று ஒன்பது சதவீதத்தை ஒட்டி விழுந்தது. கடிகாரம் செய்யும் ஸ்வாட்ச் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி நிக் ஹாயெக் இதைச் சுனாமி என்றார். அந்தச் சொல் நமக்கு எளிதாகப் பயன்படுத்தக்கூடியது இல்லை. ஆனால் வேலையிழக்கப் போகும் ஆட்களை நினைத்துத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அதிகம் உறுத்தியது போலந்துக்காரர்கள் விஷயம். அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டுக் கடனைப் பிராங்கில் வாங்கியிருந்தன. வட்டி குறைவு என்று வங்கிகள் விற்ற கடன். சம்பளம் போலந்து நாணயமான ஸ்லாட்டியில், கடன் பிராங்கில். ஒரு பிராங்க் 3.55 ஸ்லாட்டியாக இருந்தது ஒரே நாளில் 4ஐத் தாண்டியது. சிலருக்கு வீட்டின் விலையைவிடக் கடன் பெரிதானது. ஹங்கேரி அதிர்ஷ்டசாலி, அந்த அரசு சில வாரங்களுக்கு முன்புதான், 2014 நவம்பரில், பிராங்க் கடன்களை ஃபோரின்ட்டுக்கு மாற்றும் விலையை முடிவு செய்திருந்தது. நான் இந்த ஆபத்தைத் தெரிந்து எடுத்தவன், அதற்குச் சம்பளமும் வாங்கியவன். வார்சாவில் வீடு வாங்கிய ஓர் ஆசிரியை எதையும் டிரேடு செய்யவில்லை.

கணக்கின் மறு பாதி

தீராத கையிருப்பு என்று நான் போட்ட கணக்கு தவறவில்லை. சுவிஸ் தேசிய வங்கியிடம் அன்று காலை 10.29க்கும் வரம்பில்லாத பிராங்க் இருந்தது. முடியாமல் விடவில்லை, வேண்டாம் என்று விட்டார்கள். முடியுமா என்று மட்டும் பார்த்தேன், விரும்புவார்களா என்று பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஐரோப்பிய மத்திய வங்கி யூரோவைப் பெருக்கும்போது எத்தனை ஆயிரம் கோடி வாங்க வேண்டிவரும், அதில் எவ்வளவு நட்டம் வரும், மாகாண அரசுகள் பங்குதாரர்களாக இருக்கும் ஒரு வங்கி அதை எப்படி விளக்கும் என்பதெல்லாம் அவர்கள் மேசையில் இருந்த கேள்விகள். தலைவர் தாமஸ் ஜோர்டான் முடிவெடுத்தார். 2015 முதல் அரையாண்டில் அவர்கள் காட்டிய நட்டம் ஐந்தாயிரம் கோடி பிராங்க். இன்னும் ஆறு மாதம் வாங்கிக்கொண்டே போயிருந்தால் அது இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

டான்டின் திங்களன்று சொன்னதை வைத்து அவரைப் பொய்யர் என்று பலர் திட்டினார்கள். அன்று நானும் திட்டினேன். பிறகு யோசித்தபோது அது அநியாயம் என்று பட்டது. ஒரு மத்திய வங்கிக்காரர் "வியாழக்கிழமை விட்டுவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னால், அந்த நொடியே உலகம் முழுவதும் யூரோவைக் கொண்டுவந்து அவர்கள் தலையில் கொட்டும். ஆகவே விடும் முடிவை எடுத்திருந்தாலும், எடுக்காவிட்டாலும், கடைசி நிமிடம் வரை அவர் வாயிலிருந்து வரக்கூடிய பதில் ஒன்றுதான். இரண்டு நிலையிலும் ஒரே பதில் வரும் என்றால் அந்தப் பதிலில் எனக்கு ஒரு தகவலும் இல்லை. நான் அதை நோட்டில் ஆதாரமாகக் குறித்து வைத்து, அதை நம்பி வாங்கினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அடுத்த வாரம் சந்தை டென்மார்க் பக்கம் திரும்பியது. அவர்கள் தங்கள் நாணயமான குரோனை யூரோவோடு கட்டி வைத்திருக்கிறார்கள். சுவிஸ் போனால் அடுத்து இவர்கள்தான் என்று பணம் பாய்ந்தது. டென்மார்க் மூன்று வாரத்துக்குள் நான்கு முறை வட்டியைக் குறைத்து மைனஸ் 0.75க்குக் கொண்டுபோனது. கட்டு அவிழவில்லை. அது ஐரோப்பிய மத்திய வங்கியோடு சேர்ந்த ஏற்பாடு, அந்த நாட்டு அரசியலிலேயே வேரூன்றியது. சுவிஸ் தரை போல ஒரு வங்கி தனியாக ஒரு காலையில் போட்டு இன்னொரு காலையில் எடுக்கக்கூடியது இல்லை.

அதற்குப் பிறகு என் டிக்கெட்டில் ஒரு கட்டம் சேர்ந்தது. ஸ்டாப் விலைக்குப் பக்கத்தில் "ஸ்டாப் நடக்காவிட்டால்" என்று ஒரு வரி. அரசோ மத்திய வங்கியோ பிடித்து வைத்திருக்கும் எந்த நாணயத்திலும், பிடி விட்டால் விலை எங்கே போகும் என்று ஓர் எண் எழுத வேண்டும். பொசிஷன் அளவை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1.20 தரை போடப்படும் முன் யூரோ ஒரு பிராங்கில் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதை எழுதிப் பார்த்திருந்தால் 10 லட்சம் யூரோவுக்கு இரண்டு லட்சம் பிராங்க் என்று அன்றே வந்திருக்கும்.

2018 ஏப்ரலில் யூரோ-பிராங்க் ஏறி மறுபடி 1.20ஐத் தொட்டது. அதே மாதம் ஹாங்காங் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 7.85 என்ற தன் கடைசி எல்லைக்கு வந்தது, ஹாங்காங் நாணய ஆணையம் இறங்கி ஹாங்காங் டாலரை வாங்க ஆரம்பித்தது. அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்த பையன், மதுரைக்காரன், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 50 லட்சம் அமெரிக்க டாலரை 7.8490இல் விற்று வைத்திருந்தான். ஸ்டாப் 7.8520. "நட்டம் வந்தா 15,000 ஹாங்காங் டாலர்தான் அண்ணே" என்றான்.

"கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருக்க?" என்று கேட்டேன். காலியாக விட்டிருந்தான். "7.85 போகாதுண்ணே. 1983லேருந்து கட்டி வச்சிருக்காங்க. 7.85க்கு மேல விடமாட்டோம்னு சொல்லிருக்காங்க."

"போகாதுன்னே வச்சுக்கலாம். போனா எவ்வளவு? 8.50 போட்டுப் பாரு."

கால்குலேட்டரில் அடித்தான். 32,55,000. திரும்பவும் அடித்துப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் பாதியை மூடினான்.

7.85 உடையவில்லை. அவன் மூடிய பாதிக்கு உரிய லாபம் அவனுக்குக் கிடைக்காமல் போனது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்த வித்தியாசத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தான். அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த டிக்கெட்டில் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது.